நீலம் அலுத்த பிறகு

ஐம்பதைத் தாண்டி ஒரு கலையில் கை வைத்தால் எல்லோரும் கேட்கும் முதல் கேள்வி, "பொழுது போகலையா?" என்பதுதான். நானும் ஆரம்பத்தில் ஆமாம் என்று சிரித்துவிட்டுப் போய்விடுவேன். இப்போதெல்லாம் அப்படிச் சொல்ல மனசு வருவதில்லை.

கேமரா என்னிடம் பல வருஷமாக இருக்கிறது. கல்யாணம், பயணம், குழந்தைகள், பூ, மழை என்று எல்லாம் எடுத்திருக்கிறேன். எல்லாமே கூர்மையாக, சுத்தமாக, குறை சொல்ல முடியாதபடி வந்திருக்கின்றன. ஆனால் அவற்றை வேறு யாரோ எடுத்தது என்று சொன்னாலும் நம்பிவிடலாம். வெயிலில் நீல நிறத்தில் படம் அச்சிடும் பழைய முறையான சயனோடைப் செய்ய ஆரம்பித்த பிறகுதான் இது என்னை உறுத்தத் தொடங்கியது.

சயனோடைப் என்றால் பெரிய மந்திரமெல்லாம் இல்லை. ஃபெரிக் அம்மோனியம் சிட்ரேட், பொட்டாசியம் ஃபெரிசயனைடு என்ற இரண்டு இரும்பு உப்புகளின் கரைசலைக் கலந்து, மங்கிய வெளிச்சத்தில் காகிதத்தின் மேல் பூசிக் காயவைக்க வேண்டும். அதன்மேல் ஒரு நெகட்டிவையோ இலையையோ வைத்து, கண்ணாடியால் அழுத்தி வெயிலில் வைத்தால், புற ஊதாக் கதிர் பட்ட இடத்தில் மட்டும் இரும்பு மாறி, நீரில் கரையாத பிரஷ்ய நீலமாகிவிடும். மற்ற இடத்து உப்பெல்லாம் வெறும் தண்ணீரில் போய்விடும். 1842-இல் இதைக் கண்டுபிடித்த ஜான் ஹெர்ஷல் ஒரு வானியல் அறிஞர். அடுத்த வருஷமே அன்னா அட்கின்ஸ் என்ற தாவரவியலாளர் இந்த முறையில் கடற்பாசிகளைப் பதிவு செய்து பகுதி பகுதியாக வெளியிட ஆரம்பித்தார், பத்து வருஷம் விடாமல். ஆரம்பித்தபோது அவருக்கு நாற்பத்து நான்கு வயது.

இதில் ஒரு சிக்கல் உண்டு, யாரும் சொல்ல மாட்டார்கள். இந்த நீலம் அநியாயத்துக்கு அழகு. சும்மா ஒரு இலையை வைத்து எடுத்தாலும், தண்ணீருக்குள் அந்த நீலம் ஏறி வரும்போது நாம் ஏதோ சாதித்துவிட்டதாகத் தோன்றும், பார்ப்பவர்களும் ஆகா என்பார்கள், ஆனால் அந்த ஆகா முழுக்க ரசாயனத்துக்குச் சேர வேண்டியது. அந்த மயக்கத்தில் நான் ரொம்ப நாள் இருந்தேன். நீலம் அலுத்துப் போன பிறகுதான், சரி, இதை வைத்து நான் என்ன சொல்லப் போகிறேன் என்று யோசிக்க முடிந்தது.

அதற்கு வழிகாட்டியது இந்த முறையின் போதாமைதான். நெகட்டிவ் எந்த அளவோ பிரிண்டும் அந்த அளவே, ஏனென்றால் இரண்டையும் ஒட்டவைத்துத்தான் அச்சாகிறது. அடர்ந்த பகுதியின் நுணுக்கங்கள் ஒன்றோடொன்று கலந்துவிடும், சொரசொரப்பான காகிதமாக இருந்தால் அது வேறு மிச்சத்தை விழுங்கும். கணினியில் நெகட்டிவைத் திருத்தித் திருத்தி எல்லா விவரத்தையும் காப்பாற்றப் பார்த்தேன். பிறகு எதைப் போகவிடலாம் என்று பார்க்க ஆரம்பித்தேன், அங்கேதான் எனக்குப் பிடி கிடைத்தது. நான் திரும்பத் திரும்பத் தேர்ந்தெடுப்பது கைகளை. முகம் வேண்டாம், பின்னணி வேண்டாம், நரம்பும் சுருக்கமும் மோதிரத் தழும்பும் போதும். அப்புறம் சலவைச் சோடாக் கரைசலில் நீலத்தை வெளிறவைத்து, திக்கான தேயிலைச் சாற்றில் ஊறப்போட்டால், அதிலுள்ள டானின் என்ற துவர்ப்புச் சத்து நிறத்தைக் கருமைக்குக் கொண்டுபோகும். அந்தக் கருமையில் கைகள் நன்றாக உட்காருகின்றன.

வயதானவர்களுக்குத் தெம்பூட்ட எல்லோரும் புகைப்படக் கலைஞர் ஜூலியா மார்கரெட் கேமரனை இழுப்பார்கள். 1863-இல், நாற்பத்தெட்டு வயதில், மகளும் மருமகனும் பரிசளித்த கேமராவில் தொடங்கியவர். வயதை மட்டும் சொல்லிவிட்டு நிறுத்தும்போது எனக்குக் கொஞ்சம் எரிச்சல் வரும். படம் மங்கலாக இருக்கிறது, ஃபோகஸ் செய்யத் தெரியவில்லை என்று விமர்சித்தார்கள். அவரோ தன் கண்ணுக்கு அழகாகத் தெரிந்த இடத்தில் லென்ஸைத் திருப்புவதை நிறுத்தினார், அதற்கு மேல் போகவில்லை. கேமராவைத் தொடுவதற்கு முன்பே எது அழகு என்பது அவருக்குத் தெரிந்திருந்தது, அது வாழ்ந்து சேர்த்தது என்று நினைக்கிறேன். இருபது வயதில் எனக்கு எல்லாமே பிடித்திருந்தது, அதனால் எதையும் ஒதுக்கத் தெரியவில்லை.

அடுத்து, பிசினில் வண்ணம் கலந்து அச்சிடும் கம் பைகுரோமேட் செய்யலாமே, பல வண்ணத்தில் வருமே என்று நண்பர்கள் ஏற்றிவிடுகிறார்கள். ஆசை இருக்கிறது, ஆனால் அதற்கு வேண்டிய டைகுரோமேட் உப்பு புற்றுநோய் உண்டாக்கும் சரக்கு, கையுறை, காற்றோட்டம், கழிவை எங்கே கொட்டுவது என்று ஆயிரம் கவலை. எனக்கு வேண்டாம்.

நீங்கள் சயனோடைப் தொடங்குவதாக இருந்தால் செலவைக் காகிதத்தில் செய்யுங்கள். காரத்தன்மை இந்த நீலத்துக்கு ஆகாது, அதனால் நீண்ட காலம் கெடாமலிருக்க சுண்ணாம்புச் சத்து சேர்த்த ஓவியக் காகிதங்களை வாங்காதீர்கள். வெயிலில் மாட்டி வைத்த பிரிண்ட் வெளிறினால் தூக்கிப் போட்டுவிடவும் வேண்டாம், கொஞ்ச நாள் இருட்டில் வைத்தால் பெரும்பாலும் நிறம் திரும்பிவிடும்.