பதினாறாவது ஆள்

அமெரிக்கக் கூடைப்பந்தாட்ட வீரர் பில் ரஸல் 2022 ஜூலை 31ஆம் திகதி தமது 88ஆவது வயதில் காலமான செய்தி வந்தபோது, எங்கள் வட்ஸ்அப் குழுவில் ஒருவர், "சேர் இருந்திருந்தால் இண்டைக்கு எல்லாரையும் மைதானத்தைச் சுத்தி ஓட விட்டிருப்பார்" என்று எழுதினார். எந்தச் சேர் என்று ஒருவரும் கேட்கவில்லை. மலர்க் குழுவினர் என்னிடம் கேட்டது ரஸலைப் பற்றிய கட்டுரைதான். பள்ளியில் எங்களுக்குக் கூடைப்பந்து பழக்கிய சேரைத் தவிர்த்துவிட்டு அதை எழுத நம் காலத்தவர் எவராலும் முடியாது.

பொஸ்டன் செல்டிக்ஸ் அணிக்காக 13 பருவங்கள் ஆடி 11 சம்பியன் பட்டங்களை வென்ற ரஸல், ஆட்டமொன்றுக்குச் சராசரியாக 15 புள்ளிகள்தான் எடுத்தார் என்பதைச் சேர் வேதவாக்குப்போல ஓதுவார். எதிராளி எறியும் பந்தைக் கைதட்டலுக்காக வெளியே அறைந்துவிடாமல், விரல் நுனியால் தட்டித் தம்மவரிடம் சேர்ப்பதுதான் ரஸலின் வித்தை. வெளியே போன பந்து மீண்டும் எதிரணிக்கே கிடைக்கும். உள்ளே நின்ற பந்திலிருந்தோ, எதிரணி திரும்பிப் பார்ப்பதற்குள் பொஸ்டனின் தாக்குதல் தொடங்கிவிடும். இதை நாங்கள் இருட்டும்வரை பழகினோம். கூடைக்குள் பந்தைப் போடப் பழகியதாக எனக்கு ஞாபகமில்லை.

ஓக்லண்டின் மக்கிளைமண்ட்ஸ் உயர்நிலைப் பள்ளியில், 15 சீருடைகளே இருந்த கனிஷ்ட அணியில், ஜோர்ஜ் போல்ஸ் என்ற பயிற்றுநர் ரஸலை 16ஆவது ஆளாகச் சேர்த்துக்கொண்டார். ஒரே சீருடையை இரண்டு பையன்கள் மாறிமாறி அணிந்தார்கள். இந்தக் கதையைச் சேர் எனக்குச் சொன்ன இடம்தான் பொருத்தமற்றது. இல்லங்களுக்கிடையிலான இறுதியாட்டத்தின் இடைவேளையில், அதிபர் முன்வரிசையில் இருக்க, "உடுப்பைக் கழட்டி அவனிட்டைக் குடு தம்பி. ரஸலும் உப்பிடித்தான் தொடங்கினவர்" என்றார். வெறும் மேலோடு நான் வாங்கில் உட்கார்ந்திருக்க, வியர்வையில் நனைந்த என் சட்டையை மாட்டிக்கொண்டு இறங்கியவன் ஆட்டத்தை வென்று தந்தான். அவன் தோற்றிருந்தால் மன்னித்திருப்பேன்.

ரஸலின் மற்றப் பக்கங்களை இங்கே வந்த பிறகே வாசித்தறிந்தேன். ஆட்டத்துக்கு முன் அவர் பதற்றத்தில் வாந்தி எடுப்பாராம். 1961இல் லெக்சிங்டனில் கறுப்பின வீரர்களுக்கு உணவு பரிமாற மறுத்தபோது, அவரும் தோழர்களும் ஆடாமலே ஊர் திரும்பினார்கள். ஆண்டுதோறும் கிண்ணம் வென்று கொடுத்த நகருக்கு அருகிலேயே, அவருடைய வீட்டுக்குள் புகுந்து நாசம் செய்தார்கள். 1966இல் அமெரிக்காவின் என்.பி.ஏ. கூடைப்பந்து லீக்கின் முதல் கறுப்பினத் தலைமைப் பயிற்றுநரான அவர், ஆடிக்கொண்டே பயிற்றுவித்து 1968, 1969 பட்டங்களையும் வென்றார். 1969 இறுதித் தொடரின் ஏழாவது ஆட்டத்தில், தங்கள் வெற்றிக்கென லொஸ் ஏஞ்சலிஸ் அணியினர் கூரையில் பலூன்களைக் கட்டி வைத்திருந்தார்கள். 108–106 என்று பொஸ்டன் வென்றதால் அவை கூரையிலேயே கிடந்தன. அதுவே ரஸலின் கடைசி ஆட்டம். 1972இல் அவருடைய 6ஆம் இலக்கத்தை அரங்கில் உயர்த்தியபோதும், பார்வையாளரை உள்ளே விடுவதற்கு முன்பே அதை முடித்துவிடச் செய்தார்.

இவற்றைச் சேர் ஏன் எங்களுக்குச் சொல்லவில்லை என்று நேரில் கேட்டிருக்கலாம். ஆனால் அவருடைய மணிவிழாவிலும் பிறகு இறுதிக் கிரியையிலும் நான் இருக்கவில்லை. ரஸலும் 1975இல் தம்மைக் கௌரவித்த, கூடைப்பந்துச் சாதனையாளருக்கான 'ஹோல் ஒஃப் ஃபேம்' விழாவுக்குப் போகவில்லை. தமக்கு முன் ஆடிய கறுப்பினத்தவருக்கே அந்த இடம் முதலில் உரியது என்றிருந்தவர், அவர்களுள் ஒருவரான சக் கூப்பர் சேர்க்கப்பட்ட 2019இல்தான் அதற்குரிய மோதிரத்தை ஏற்றார். அவர் போகாததற்கு ஒரு கொள்கை காரணம். என் அகதி விண்ணப்பமோ விசாரணையில் கிடந்தது. நாட்டைவிட்டு வெளியேறினால் கோவையை மூடிவிடுவார்கள் என்று சட்டத்தரணி இரண்டு முறையும் சொல்லிவிட்டார்.