அப்பாவின் பத்மினி: போர் போட்ட பிறகு முதல் 500 கிலோமீட்டர்

அப்பாவின் 1987 பிரீமியர் பத்மினி காருக்கு இது இரண்டாவது ரீபோர். தேய்ந்த சிலிண்டரைச் சற்றே அகலமாகக் கடைந்து, புது பிஸ்டனும் ரிங்கும் போடும் வேலை; பட்டறையில் இதைத்தான் 'போர் போடுவது' என்பார்கள். 68 மில்லிமீட்டராக இருந்த சிலிண்டர் இப்போது 69. முதல் முறை போர் போட்டபோது, "ஆயிரம் கிலோமீட்டர் வரைக்கும் 40-ஐத் தாண்டாதீங்க" என்று பட்டறையில் சொன்னதை அப்பா அட்சரம் பிசகாமல் கடைப்பிடித்தார். கும்பகோணத்துக்கும் சுவாமிமலைக்கும் நடுவே மாட்டுவண்டி வேகத்தில் ஓட்டினார். வண்டி அன்றிலிருந்து கடைசி வரை ஆயில் குடித்தது. அதனால் இந்த முறை ரன்னிங்-இன் வேலையை, அதாவது புது ரிங் படியும் வரை ஓட்டிப் பழக்குவதை, நானே எடுத்துக்கொண்டேன்.

பிஸ்டனைச் சுற்றியிருக்கும் புது ரிங் தானாகச் சிலிண்டர் சுவரோடு படிவதில்லை. எரியும் வாயுவின் அழுத்தம் ரிங்குக்குப் பின்னால் புகுந்து அதைச் சுவரோடு தள்ள வேண்டும். ஹோனிங்கில் (சுவரைக் கல்லால் தீட்டும்போது) விழுந்த குறுக்குக் கோடுகளின் மேடுகள் அப்போதுதான் தேயும். மெல்ல மெல்ல மிதித்தால் அந்த அழுத்தம் வராது. ஆயில் கருகிச் சுவரில் கண்ணாடி போலப் படிந்துவிடும். அப்புறம் எத்தனை கிலோமீட்டர் ஓட்டினாலும் ரிங் உட்காராது. அப்பாவின் வண்டிக்கு நடந்தது அதுதான் என்று நினைக்கிறேன்.

முதல் ஸ்டார்ட்டுக்கு முன் பிளக்குகளைக் கழற்றிவிட்டு, ஆயில் விளக்கு அணையும் வரை செல்ஃப் மட்டும் அடித்தோம். இன்ஜின் பிடித்ததும் ஐட்லிங்கில் விடவில்லை. பத்மினியில் வால்வுகளைத் திறக்கும் கேம் ஷாஃப்ட் இன்ஜின் பிளாக்குக்குள் இருக்கிறது. மெதுவாகச் சுற்றினால் அதற்குத் தெறிக்கும் ஆயில் போதாது. 2000 ஆர்.பி.எம்.மை ஒட்டி, சற்றே ஏற்றியும் இறக்கியும் 20 நிமிடம். ஊற்றியது சாதாரண மினரல் 20டபிள்யூ-40. சிந்தெடிக்கின் வழுக்கல் இந்தக் கட்டத்தில் வேண்டாம். சூட்டோடு அந்த ஆயிலை இறக்கியபோது வெயிலில் மினுமினுத்தது. காந்தத்தில் கறுப்பு மீசைபோல இரும்புத்தூள் ஒட்டியது.

சரி, இன்ஜினுக்கு லோடு கொடுக்க ஏற்றம் வேண்டுமே! டெல்டாவில் எங்கே போவது? காவிரிக்கரை சாலையில் கபிஸ்தலம், கணபதி அக்ரகாரம் வழியாகத் திருவையாறு போய், அங்கிருந்து தஞ்சாவூர் ரோட்டைப் பிடித்தேன். காவிரி, குடமுருட்டி, வெட்டாறு, வெண்ணாறு, வடவாறு. பதிமூன்று கிலோமீட்டருக்குள் ஐந்து பாலம், ஐந்து ஏற்றம். டிக்கியில் இரண்டு மூட்டை நெல். மெக்கானிக் அண்ணன் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார்.

"என்னண்ணே, இப்பவே இவ்வளவு மிதிக்கலாமா?"

"ஏறும்போது மிதி தம்பி. இறங்கும்போது கியர்லயே வச்சு காலை மட்டும் எடுத்துரு. ஒரே வேகத்துல மட்டும் போகாத."

மூன்றாவது கியரில் 30-லிருந்து 55 வரை முக்கால் மிதி. விட்டால் தானாக 30-க்கு இறங்கும். காலை எடுக்கும்போது உண்டாகும் உறிஞ்சல் சுவருக்கு ஆயிலை இழுத்து, தேய்ந்த தூளைக் கழுவிவிடும். காலி ரோட்டிலும் இதையே செய்தோம். முதல் சுற்றில் காலை எடுத்த ஒவ்வொரு முறையும் பின்னால் நீலப் புகை. நான்காவது சுற்றில் கண்ணாடியில் புகை தெரியவில்லை. எனக்கு நம்பிக்கை வந்தது அப்போதுதான்.

140-வது கிலோமீட்டரில் ஒரு பயம். தை அறுவடை, கபிஸ்தலம் பக்கம் பாதி ரோட்டில் நெல் காய்ந்துகொண்டிருந்தது. அறுவடை இயந்திரத்துக்குப் பின்னால் ஊர்ந்ததில் டெம்பரேச்சர் முள் ஏறிவிட்டது. போர் போட்ட இன்ஜின் இறுக்கத்தாலேயே அதிகம் சுடும். மரத்தடியில் நிறுத்திப் பார்த்தால் ரேடியேட்டர் மேல் ஹோஸின் கிளிப் தளர்ந்து தண்ணீர் கசிந்திருக்கிறது. நான் முடுக்கிய கிளிப். ஆறும் வரை முக்கால் மணி நேரம் காத்திருந்து, கிளிப்பை இறுக்கித் தண்ணீர் ஊற்றினேன். சூட்டோடு ஊற்றியிருந்தால் ஹெட் போயிருக்கும். அதிலிருந்து ரயில்வே கேட்டில் நின்றால்கூட இன்ஜினை அணைத்துவிடுகிறேன்.

500-ல் மறுபடி ஆயில் மாற்றினேன். தூள் அநேகமாக இல்லை. ராத்திரி முழுக்க ஆறவிட்டு, காலையில் ஹெட் போல்ட்டுகளை டார்க் ரெஞ்ச் (முடுக்கும் விசையை அளக்கும் ஸ்பேனர்) வைத்து முடுக்கி, டேப்பட்டும் (வால்வு இடைவெளி) சரிசெய்தோம். கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள் ஏறும் அழுத்தம், பி.எஸ்.ஐ. கணக்கில்) முதல் நாள் 108-க்கும் 120-க்கும் இடையில் ஆளுக்கொன்றாக இருந்தது. இப்போது நான்கிலும் 130-ஐ ஒட்டி நிற்கிறது.

நேற்று டிப்ஸ்டிக்கை அப்பாவிடம் நீட்டினேன். மேல் கோட்டில் இருந்தது. அவர் அதைத் துணியில் துடைத்து, மறுபடி விட்டு எடுத்துப் பார்த்தார். அடுத்த வாரம் அவரையே திருவையாறு வரை ஓட்டச் சொல்லியிருக்கிறேன்.