கண்ணாடிக்குள் ஒரு கடல் குதிரை

பொங்கல் விடுமுறையில் அக்கா மகளைக் கூட்டிக்கொண்டு கடலூர் போயிருந்தேன். ஒன்பது வயது. மீன்பிடிப் படகைப் பக்கத்தில் பார்க்க வேண்டும் என்று ஒரே பிடிவாதம். அதனால் விடிவதற்குள் ஓ.டி. (பழைய நகர்) துறைமுகத்தில் நின்றோம்.

விசைப்படகுகள் ஒன்றை ஒன்று உரசிக்கொண்டு நின்றன. ஏலக் குரல், ஐஸ் உடைக்கும் சத்தம், காலடியில் வழிந்தோடும் மீன் தண்ணீர். ஒரு ஓரத்தில் விலைபோகாத சின்ன மீன்கள், நண்டுக் குஞ்சுகள் எல்லாம் குவிந்து கிடந்தன. கோழித் தீவனத்துக்குப் போகுமாம். அதைக் கிளறிக்கொண்டிருந்த ஒரு அம்மா, "இந்தா பாப்பா" என்று விரல் நீளத்தில் ஒன்றை எடுத்து அவள் உள்ளங்கையில் வைத்தார். கடல் குதிரை. வால் சுருண்டிருந்தது, ஈரம் காயவில்லை.

"கடல்ல விட்டா பொழைச்சுக்குமா?"

"இல்லடா கண்ணு. வலையில வரும்போதே செத்துப்போச்சு."

பெரும்பாலும் கடல் குதிரையைத் தேடி வலை போடுவதில்லை. இறாலுக்கும் மீனுக்கும் கடலடியைத் தடவிக்கொண்டு போகிற இழுவலையில் இதுவும் சேர்ந்து வந்துவிடுகிறது. இதற்கு வேகமாக நீந்தத் தெரியாது. கடல்புல்லில் வாலைச் சுற்றிக்கொண்டு, இரை வரும்வரை அங்கேயே நிற்கும். குஞ்சைச் சுமப்பது ஆண்தான் என்று சொன்னேன். பெண் முட்டைகளை ஆணின் வயிற்றுப் பையில் வைத்துவிடும், அவை பொரிந்து குஞ்சுகள் வெளியே வரும்வரை அப்பாவின் பொறுப்பு. "அப்பா வயித்துலயா?" என்று கேட்டவள், கையில் இருந்ததை இன்னும் கவனமாகப் பிடித்துக்கொண்டாள்.

மதியம் புதுச்சேரிக்குப் பஸ் ஏறினோம். மாலையில் கடற்கரைச் சாலையில் வண்டிப் போக்குவரத்தை நிறுத்தியதும் நடக்க ஆரம்பித்தோம். காந்தி சிலை, பழைய கலங்கரை விளக்கம், சுண்டல். அதைப் பற்றி எழுதப் பெரிதாக ஒன்றும் இல்லை, எல்லோரும் நடந்த சாலைதான். திரும்பும்போது உள்ளே ஒரு தெருவில், விரிப்பின் மேல் சாமான் பரப்பியிருந்த ஒருவரிடம் நின்றோம். பாசிமணி, சங்கு, பனை ஓலைப் பெட்டி, சாவிக்கொத்துகள். ஒரு சாவிக்கொத்தில் கண்ணாடி மாதிரி உறைந்த பசைக்குள் ஒரு கடல் குதிரை.

"மாமா, இது பொம்மையா, நிஜமா?"

"ஒரிஜினல் பாப்பா," என்றார் கடைக்காரர் பெருமையாக. "நூத்தைம்பது ரூபாதான் சார். இங்க புடிச்சது இல்ல, தெக்கேர்ந்து வருது."

ஐந்து வருடம் முன்னால் இருந்த நானாக இருந்தால் நூறு ரூபாய்க்குப் பேரம் பேசி வாங்கியிருப்பேன். அதுதான் செத்துவிட்டதே, நான் வாங்குவதால் என்ன ஆகிவிடும் என்று தோன்றியிருக்கும். ஆனால் காலையில் பார்த்த குவியல் கண்ணிலேயே இருந்தது. நூற்றைம்பது ரூபாய் என்று ஒரு விலை வந்துவிட்டால், தெரியாமல் வலையில் வந்ததைத் தனியாக எடுத்து வைக்க ஆள் வரும். அப்புறம் அதையே தேடிப் போகவும் ஆள் வரும். அந்த விலையைக் கொடுப்பது நான்தானே.

அவரிடம் கோபப்படவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து, எனக்குத் தெரிந்த சட்டத்தைச் சொன்னேன். கடல் குதிரை, கடல் அட்டை, பவளப் பாறை, நாட்டிலஸ் உட்பட சில சங்கு, சிப்பி வகைகள் எல்லாவற்றையும் 2001 ஜூலையில் அரசு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குள் கொண்டுவந்தது. கடலில் வாழ்ந்தாலும் சட்டப்படி அவை வனவிலங்குகள்தான். விற்பவர் மட்டும் இல்லை, வாங்குபவரும் மாட்டுவார். 2022இல் திருத்திய பிறகு 3 ஆண்டு வரை சிறை, 1 லட்சம் வரை அபராதம். மிக அதிகப் பாதுகாப்பு தரும் முதல் அட்டவணையில் உள்ள உயிர் என்றால் குறைந்தபட்சமே 3 ஆண்டு.

"எல்லாரும் விக்கிறாங்களே சார்" என்றார். உண்மைதான். பவளத்தையும் பதப்படுத்திய பட்டாம்பூச்சியையும் விற்கிறார்கள். நரிக்குக் கொம்பே கிடையாது, ஆனால் அதிர்ஷ்டம் என்று நரிக்கொம்பை விற்கிறார்கள். பளபளக்கிற சங்குகூட பெரும்பாலும் மணலில் பொறுக்கியது இல்லை. கரையில் ஒதுங்குவது தேய்ந்து, ஓட்டை விழுந்து கிடக்கும். உடையாமல் முழுசாக மின்னுகிறது என்றால், உள்ளே உயிர் இருக்கும்போதே பிடித்திருக்கத்தான் வாய்ப்பு அதிகம். எல்லாச் சங்குக்கும் தடை இல்லை, சரி. எது தடையில் வரும், எது வராது என்று விரிப்பின் முன்னால் நின்று என்னால் பிரித்துச் சொல்ல முடியாது. அதனால் நான் எதையும் வாங்குவதில்லை.

அவர் அந்தச் சாவிக்கொத்தை எடுத்துப் பைக்குள் போட்டார். நாங்கள் போன பிறகு மறுபடி எடுத்து வைத்திருக்கலாம். அவரிடமே ஒரு ஓலைப் பெட்டி வாங்கினோம். மறுநாள் வேறு கடையில் திருக்கனூர் காகிதக்கூழ் பொம்மை ஒன்றும் வாங்கிக் கொடுத்தேன்.

இரவு விடுதியில் அவள் கேட்டாள்: "அப்போ தாத்தா வீட்டு ஷோகேஸ்ல இருக்கிறது?"

எனக்குத் தூக்கம் போய்விட்டது. 1994இல் ராமேசுவரம் போனபோது அம்மா வாங்கிய வெள்ளைப் பவளம் அது. கிளை கிளையாக, டிவிக்கு மேலே முப்பது வருடமாக இருக்கிறது. வாங்கும்போது அது தடையில் இல்லை. 2003இல், வீட்டில் இருக்கிற வனவிலங்குப் பொருட்களைக் கணக்குக் காட்டச் சொல்லி அரசு 180 நாள் அவகாசம் கொடுத்தது. எங்கள் வீட்டில் யாருக்கும் அது தெரியாது. எங்களிடம் எந்தச் சான்றும் இல்லை.

காலையில் அப்பாவுக்கு போன் செய்தேன்.

"அது கல்லுடா" என்றார்.

"கல் இல்லப்பா. சின்னச் சின்ன உயிருங்க சேர்ந்து கட்டின கூடு."

கொஞ்ச நேரம் பேசவில்லை. "உடைஞ்சிடும்னு ராமேசுவரத்துலேர்ந்து மடியிலேயே வச்சுக்கிட்டு வந்தா உங்கம்மா" என்றார். வனத்துறை அலுவலகத்தில் போய்ச் சொல்லிவிட்டு ஒப்படைத்துவிடலாம் என்று நினைப்பதாகச் சொன்னேன். எடுத்த எடுப்பில் வேண்டாம் என்றார். பிறகு, எப்போது வருகிறாய் என்று கேட்டார். அடுத்த வாரம் என்றேன்.

"தனியாப் போகாத. நானும் வர்றேன். பழைய வேட்டி ஒண்ணு இருக்கு, அதுல சுத்தி எடுத்துட்டுப் போலாம்."