2019 ஆவது நல்லதாய் அமையட்டும்

இண்டைக்கு 2018 டிசம்பர் 31. நாளைக்குப் புது வருசம். மனம் நிறைஞ்சு வாழ்த்துச் சொல்ல முடியாத அளவுக்கு எங்கட இலங்கை அரசியல் இந்த வருசம் வெறுக்கப் பண்ணிப் போட்டுது.

ஒக்டோபர் 26 இரவு பிரதமர் ரணிலை நீக்கி, முன்னாள் ஜனாதிபதி மகிந்த ராஜபக்சவுக்கு அந்தப் பதவியைக் கொடுத்தார் ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன. 2015இல் மகிந்தவைத் தோற்கடிக்கத்தான் நாங்கள் வரிசையில நிண்டு மைத்திரிக்கு வாக்குப் போட்டனாங்கள். பிறகு பாராளுமன்றக் கலைப்பு. நவம்பர் 16 சபைக்குள்ள மிளகாய்த்தூள் வீச்சு, கதிரை வீச்சு. தொலைக்காட்சியில பார்க்கவே வெட்கமாக் கிடந்தது.

ஒரே ஆறுதல் உயர் நீதிமன்றம். கலைப்பு சட்டவிரோதம் எண்டு டிசம்பர் 13இல் 7 நீதியரசர்களும் ஒருமனதாச் சொன்னார்கள். அந்த வழக்கில தமிழ்த் தேசியக் கூட்டமைப்பும் மனுதாரர். அதில எனக்குப் பெருமைதான்.

ஆனால் இந்த நாற்காலிச் சண்டையில எங்கட தமிழ்ச் சனத்தின்ர கதை எங்க போச்சுது? புதிய அரசியலமைப்பு கிடப்பில. வட மாகாண சபையின் காலம் முடிஞ்சும் தேர்தல் இல்லை. முல்லைத்தீவு கேப்பாப்புலவுச் சனம் இராணுவம் பிடிச்சு வச்சிருக்கிற தங்கட காணிக்கு இன்னும் றோட்டில. கிளிநொச்சி கந்தசுவாமி கோவிலடிக் கொட்டிலில 2017 பெப்ரவரியில இருந்து அம்மாமார் காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளைகளின்ர படத்தோட போராட்டத்தில இருக்கினம். மழையில நனையாமல் அந்தப் படங்களுக்குப் பொலித்தீன் சுத்தி வச்சிருக்கினம்.

வாற வருசம் அந்தத் தாய்மாருக்கு ஒரு நேர்மையான பதில் கிடைக்கவேணும். மாகாண சபைத் தேர்தல் நடக்கவேணும். சிறையில கிடக்கிற எங்கட அரசியல் கைதிகள் தைப்பொங்கலுக்கு முதல் வீட்டை வரவேணும். கூட்டமைப்பின்ர எம்பிமார் இதுகளைக் கேட்டு வாங்கித் தரவேணும். அரசாங்கம் நிக்கிறது உங்கட கைகளிலதான் ஐயாமாரே.

எல்லாருக்கும் புத்தாண்டு வாழ்த்துகள்.