லுவெங்கோ: லார்கோவுக்கு முந்தைய நீளம்

இன்றைய ஸ்பானிஷில் நீளமான எதுவும் 'லார்கோ'தான். ஸ்பானிஷ் பிறந்த காஸ்டில் பகுதியில், இடைக்காலத்தில் அந்த இடத்தில் இருந்தது 'லுவெங்கோ'. மூலம், லத்தீன் 'லொங்குஸ்'. அழுத்தம் விழும் குறில் ஒகரம் காஸ்டிலிய மொழியில் 'உவெ' என்று உடையும். 'பொனுஸ்' 'புவெனோ' ஆனதும் இப்படித்தான்.

'லார்குஸ்' லத்தீனில் தாராளத்தையும் மிகுதியையும் குறித்தது. இத்தாலியனில் அது அகலமாகியது. ஸ்பானிஷிலோ நீளமாகி, பழைய சொல்லை ஓரங்கட்டிவிட்டது. எனக்கு இழப்பாகவே படுகிறது.

இப்போது 'லுவெங்கோ' பழமைச் சுவைக்காக மட்டும், பெரும்பாலும் பெயர்ச்சொல்லுக்கு முன்னால் வரும்: 'லுவெங்கோஸ் ஆன்யோஸ்', நெடும் வருடங்கள். பெண்பால் பன்மை 'லுவெங்காஸ்': 'லுவெங்காஸ் பார்பாஸ்', நீண்ட தாடி. வேகமாக வாசிப்பவர்கள் 'லுவெங்கோ'வை 'லுவெகோ' என்று எடுத்துக்கொள்வதுண்டு. அது 'பிறகு' என்னும் வினையடை. இடத்தைக் குறிக்கும் 'லொகுஸ்' என்ற வேறு வேரிலிருந்து வந்தது. நடுவிலுள்ள மூக்கொலியைப் பார்த்தால் குழப்பம் தீரும்.