எஃப்யூடி, எஃப்யூஇ ரெண்டும் பண்ணிக்கிட்ட அனுபவம்

முடி நடலாமான்னு யோசிக்கிற முக்கால்வாசி பேர் எஃப்யூஇ (முடியை ஒவ்வொரு யூனிட்டா தனித்தனியா எடுக்குறது) புதுசு, அதனால அதுதான் நல்லது, எஃப்யூடி (தோலோட பட்டையா வெட்டி எடுக்குறது) பழசுன்னு முடிவு பண்ணிட்டுதான் டாக்டர்கிட்டயே போறாங்க. நான் முதல்ல எஃப்யூடி பண்ணி, சில வருஷம் கழிச்சு உச்சிக்கு எஃப்யூஇ பண்ணிக்கிட்டேன், அதனால சொல்றேன், ரெண்டுலயும் நடுற வேலை ஏறக்குறைய ஒண்ணுதான், பின்மண்டையிலேருந்து முடியை எடுக்குற விதம்தான் வேற.

எங்க வீட்டுல அப்பா, சித்தப்பா எல்லாருக்கும் சொட்டை. எனக்கும் நெத்தி ரெண்டு பக்கமும் ஏறிடுச்சு. நான் பாத்த டாக்டர் உடனே சர்ஜரின்னு சொல்லல, மாத்திரையும் மினாக்ஸிடிலும் கொடுத்து கொட்டுறது நிக்கட்டும்னு காத்திருக்க வச்சார், பழைய கதையும் சொன்னார். 1950கள்ல நியூயார்க்ல நார்மன் ஒரென்ட்ரைக்ங்கிற தோல் டாக்டர்தான் பின்மண்டை முடியை முன்னாடி கொண்டுவந்து வச்சாலும் அது தன் குணத்தை விடாது, கொட்டாதுன்னு காமிச்சவர், 1959-ல அதை கட்டுரையாவும் எழுதினார். இன்னிக்கு வரைக்கும் எல்லா முறையும் அந்த ஒரு விஷயத்து மேலதான் நிக்குது. ஆனா அப்போ பஞ்ச், அதாவது முடியை வட்டமா வெட்டி எடுக்குற கருவி, 4 மில்லிமீட்டர் அளவு, ஒரு துண்டுலயே கொத்தா முடி வரும், அதை அப்படியே நட்டதால பொம்மை தலை மாதிரி கொத்து கொத்தா தெரியும். அப்புறம்தான் மைக்ரோஸ்கோப் வச்சு, இயற்கையா ஒண்ணுலேருந்து நாலு முடி வரைக்கும் சேர்ந்து வளர்ற சின்ன சின்ன யூனிட்டா பிரிச்சு நட ஆரம்பிச்சாங்க.

எனக்கு முதல்ல எஃப்யூடி போதும்னு டாக்டர் சொன்னதுக்கு காரணம் இருந்துச்சு. பின்மண்டை தோலை விரலால மேலயும் கீழயும் நகத்திப் பாத்தார், நல்லா தளர்வா இருந்துச்சு, எனக்கு உச்சியும் போகப்போக காலியாகும்னு அவருக்கு தெரிஞ்சுது, அதனால இப்போ பட்டையா எடுத்துட்டு மீதிய பிற்பாடு எஃப்யூஇக்கு வச்சுக்கலாம்னார். மரத்துப்போற ஊசி போடும்போதுதான் கண்ணுல தண்ணி வந்துச்சு, அதுக்கப்புறம் இழுக்குறது மட்டும் தெரியும், வலி இல்ல. பட்டையை எடுத்து தையல் போட்டுட்டு, பக்கத்து டேபிள்ல டெக்னீஷியன்கள் மைக்ரோஸ்கோப்ல குனிஞ்சு அதை பிரிச்சு பிரிச்சு குளிர்ந்த சலைன்ல போட்டுக்கிட்டே இருந்தாங்க. வீட்டுக்கு வந்தப்புறம் கஷ்டம் முழுக்க அந்த தையல்தான், குனிஞ்சா பின்மண்டையில சுரீர்னு இழுக்கும், தலையணையில தலை வைக்கவே பயமா இருக்கும்.

எஃப்யூஇல அந்த இழுப்பே இல்ல. ஆனா பின்மண்டை முழுக்க ஒட்ட வழிச்சு, குப்புற படுக்க வச்சு, ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான பஞ்சால ஒவ்வொரு யூனிட்டா சுத்தி வெட்டி எடுப்பாங்க, காதுக்குப் பின்னாடி மோட்டார் சத்தம் மணிக்கணக்கா கேட்டுக்கிட்டே இருக்கும், கழுத்துதான் போயிடும். சீக்கிரம் ஆறிடுச்சு, தழும்பு புள்ளி புள்ளியா இருக்கு, முடி வளந்தா தெரியாது. பழைய தையல் கோட்டுலயும் கொஞ்சம் கிராஃப்ட் (எடுத்த அந்த முடி யூனிட்டைத்தான் அப்படி சொல்வாங்க) நட்டாங்க, இப்போ அந்த கோடு தேடினாத்தான் தெரியும்.

பக்கு உதிர்ந்து கொஞ்ச நாள்ல நட்ட முடியும் கொட்டும், எங்க அம்மா பணமெல்லாம் போச்சேன்னு பதறிட்டாங்க. அது இயல்பு, வேர் உள்ளதான் இருக்கும், மூணு நாலு மாசத்துல மெல்லிசா முளைக்கும், முழுசா தெரிய ஒரு வருஷம் ஆகும்.

ஒட்ட வெட்டிக்கிறவங்களுக்கு எஃப்யூஇ, நீளமா விட்டுக்கிறவங்க, நிறைய கிராஃப்ட் வேணும்கிறவங்க எஃப்யூடியை ஒதுக்கவே வேணாம், இது என் கருத்து. எஃப்யூஇனாலும் அளவுக்கு மீறி எடுத்தா பின்மண்டையே பூச்சி அரிச்ச மாதிரி ஆயிடும், அந்த முடி திரும்ப வராது. டிஎச்ஐனு தனியா விளம்பரம் பண்றதும் எடுக்குற விதத்துல எஃப்யூஇதான், நடுறதுக்கு மட்டும் பேனா மாதிரி ஒரு கருவி. சஃபையர்ங்கிறது துளை போடுற பிளேடு, அவ்வளவுதான்.

இதையெல்லாம் விட எனக்கு கவலை கத்தி யார் கையில இருக்குன்னுதான். 2016-ல சென்னையில ஒரு மருத்துவ மாணவர் முடி நடப் போய் உயிரையே விட்டார். முறையா பயிற்சி எடுத்த டாக்டர்தான் இதை செய்யணும், டெக்னீஷியன் உதவிக்கு மட்டும்தான்னு தேசிய மருத்துவ ஆணையம் 2022-ல சொல்லியிருக்கு. நான் விசாரிச்ச ஒரு இடத்துல டாக்டர் கடைசி வரைக்கும் கண்ணுலயே படல, சேல்ஸ் ஆள்தான் பேசினார், அட்வான்ஸ் கட்டச் சொன்னார். எழுந்து வந்துட்டேன்.

நட்ட முடி நிக்கும், பக்கத்துல இருக்குற சொந்த முடி கொட்டத்தான் செய்யும், அதனால மாத்திரையை டாக்டர் கண்காணிப்புல இன்னும் எடுத்துக்கிட்டுதான் இருக்கேன். நீங்க போறதா இருந்தா பின்மண்டையை அளந்து பாத்து, இந்த தலையிலேருந்து ஆயுசுக்கும் எத்தனை கிராஃப்ட் எடுக்கலாம், அதுல இப்போ எத்தனை போகுது, எத்தனை மிச்சம்னு டாக்டர் வாயாலயே சொல்லச் சொல்லுங்க, ரேட்டை அதுக்கப்புறம் பேசலாம்.