ஒருமாதிரி காணி பேர்மிட் என்ர பேரிலயே வந்திட்டுது, அலைஞ்ச கதையைச் சொல்லுறன்

போன கிழமை பேர்மிட் கையில தந்தவை. அரை ஏக்கர் மேட்டுக்காணி, கிணத்தோட, என்ர பேரில. சந்தோசப்படுறதா பத்திக்கொண்டு வாறதா எண்டு இன்னும் விளங்கேல்லை. வன்னியில என்னை மாதிரி புருசன் இல்லாம காணிக்கு அலையிற ஆக்கள் கனபேர் இருக்கினம், அவைக்குப் பிரயோசனப்படும் எண்டுதான் எழுதுறன். எனக்குத் தந்தது எல்.டி.ஓ பேர்மிட், அதெண்டா காணி அபிவிருத்திச் சட்டத்தின் கீழ அரச காணியில இருந்து செய்யிறதுக்குக் குடுக்கிற அனுமதிப்பத்திரம்.

முதல் பிழை நடந்தது எனக்குத் தெரியாமலே. மெனிக் பாம் அகதி முகாமால வந்து மீள்குடியேறேக்க ஒரு போம் நிரப்பினவை. அதில குடும்பத் தலைவர் எண்ட பெட்டியில என்ர மாமாவின்ர பேரை எழுதிப்போட்டினம். மாமா இருக்கிறது வேற வீட்டில, வேற விதானையார் (கிராம அலுவலர்) பிரிவில. ஆம்பிளை ஒராள் வேணுமாம், அவ்வளவுதான் காரணம். நான் சமைச்சு, கூலிக்குப் போய், ரெண்டு பிள்ளையளை வளர்த்துக்கொண்டு இருக்க, அந்தக் காகிதத்தில நான் "மருமகள்". அந்த ஒரு பெட்டியால வந்த வில்லங்கம்தான் பிறகு எல்லாம். இந்திய வீட்டுத்திட்டம் வந்த நேரம் பக்கத்து வளவுக்காரர் ஐந்தரை லட்சம் எடுத்து வீடு கட்ட, காணிக் காகிதம் இல்லையெண்டு எனக்குப் பேரே விழேல்லை. அதால சொல்லுறன், எந்தப் போம் எண்டாலும் கையெழுத்து வைக்க முதல் அந்தப் பெட்டியில ஆற்ற பேர் கிடக்குது எண்டு பாருங்கோ. அவை எழுதினாப் பிறகு வாசிச்சுக் காட்டச் சொல்லுங்கோ, வெக்கப்படாதேங்கோ.

காணிக் கச்சேரி, அதுதான் ஆருக்குக் காணி குடுக்கிறது எண்டு விசாரிக்கிற கூட்டம், வைக்கப்போகினம் எண்டு கேள்விப்பட்டு பிரதேச செயலகக் காணிப்பிரிவுக்குப் போனன். அங்க இருந்த கிளாக்கர் பைலை ஒருக்கா புரட்டிப்போட்டு "அவரைக் கூட்டிக்கொண்டு வாங்கோ" எண்டார். அவர் 2009 மே மாசம் வட்டுவாகலில ஆமியிட்ட போனவர், பிறகு ஒரு தகவலும் இல்லை எண்டன். தலையை நிமித்தாமலே "அப்ப மரணச் சான்றிதழ் எடுத்துக்கொண்டு வாங்கோ, சுகமா முடிஞ்சிடும்" எண்டார்.

2010ல வந்த சட்டத்தின்படி சண்டையால ஒராள் ஒரு வருசத்துக்கு மேல காணாமல் போயிருந்தா மரணச் சான்றிதழ் எடுக்கலாம்தான். எடுத்த ஆக்களும் இருக்கினம், அவையை நான் குறை சொல்லமாட்டன், பிள்ளையளின்ர வயிறு ஒண்டிருக்கு. எனக்கு ஏலாது. கையால கூட்டிக்கொண்டு போய் விட்ட மனுசனை நானே செத்தவர் எண்டு கையெழுத்து வைக்கிறதோ? கிளிநொச்சியில கந்தசாமி கோயிலடியில 2017 மாசி மாசத்தில இருந்து அம்மாமார் போராட்டம் இருந்தது காணாமல் போன ஆக்கள் எங்க எண்டு கேட்டுத்தானே.

ஆனா வேற வழி இருக்கு, அதைத்தான் அந்தக் கந்தோரில ஒருத்தரும் வாய் திறந்து சொல்லேல்லை. 2016ல அந்தச் சட்டத்தைத் திருத்தி, செத்தவர் எண்டு சொல்லாம, ஆளைக் காணேல்லை எண்டு மட்டும் சொல்லுற ஒரு சான்றிதழ் குடுக்கினம். காணாமல் போனோர் அலுவலகத்தில பதிஞ்சு, ஐ.சி.ஆர்.சி (செஞ்சிலுவைக் குழு) கடிதம், முந்திக் குடுத்த முறைப்பாட்டு நம்பர் எல்லாத்தையும் சேர்த்துக் குடுத்து எடுத்தன். எடுத்தது பெரிய பாடில்லை. பேர்தான் பாடு. கலியாணப் பதிவில இவரின்ர பேர் ஒருமாதிரி, அடையாள அட்டைக் கொப்பியில ஒரு எழுத்து வேற, புதுச் சான்றிதழில ரெண்டும் இல்லாத மூண்டாவது மாதிரி. மூண்டும் ஒராள்தான் எண்டு ஜே.பி.யிட்ட (சமாதான நீதவானிட்ட) சத்தியக்கடதாசி முடிச்சுக்கொண்டு போனா, "திகதி போடேல்லை" எண்டு திருப்பி விட்டினம். பஸ்காசும் போச்சு, அண்டைக்குக் கூலியும் போச்சு. ஜே.பி.யின்ர முத்திரை, திகதி, கையெழுத்து மூண்டையும் அவற்ற வீட்டு வாசல்லயே நிண்டு பாருங்கோ.

சான்றிதழைக் கொண்டுபோய்க் குடுத்தா, கிளாக்கர் அதை முன்னுக்கும் பின்னுக்கும் திருப்பிப் பாத்திட்டு, இப்பிடி ஒண்டைத் தான் கண்டதில்லை எண்டார். பிறகு ஒரு யோசனை சொன்னார், மகனுக்கு 18 ஆனாப் பிறகு அவன்ர பேரில எழுதுவமாம், அதுவரைக்கும் மாமா பாத்துக்கொள்ளட்டுமாம். நான் ஒண்டும் கதைக்கேல்லை, மேல காணி உத்தியோகத்தரிட்டப் போயிட்டன். அந்த மிஸ் நல்ல மனுசி. இது பழைய பேர்மிட் மாத்துற விசயமில்லை, புதுசாக் குடுக்கிறது, அதில இருந்து செய்யிற ஆளுக்குத்தான் குடுக்கோணும் எண்டு அவவே எழுதி வச்சா.

காணிக் கச்சேரி சுகமா முடிஞ்சுது. பேர்ப்பட்டியல் விதானையார் கந்தோரில ஒட்டினாப் பிறகுதான் ஆட்சேபனை வந்தது, ஆரெண்டு பாத்தா என்ர சொந்த மச்சான். அண்ணன்ர காணி குடும்பத்துக்குத்தான் சேரோணுமாம். நான் அப்ப ஆர்? மாதர் சங்கத் தலைவியும் பக்கத்து வளவுக்கார ஐயாவும் வந்து, பத்தையை வெட்டினது, கிணறு இறைச்சது, தென்னை வச்சது எல்லாம் இந்தப் பிள்ளைதான் எண்டு சொல்லிச்சினம். தென்னம்பிள்ளைக்கு மானியம் எடுத்த துண்டு என்ர பேரில இருந்தது, அதுதான் உண்மையில காப்பாத்தினது. அந்த மாதிரிச் சின்னத் துண்டுகளை எறியாதேங்கோ.

பிறகு பைல் காணாமல் போச்சு. ஓம், பைலும். அங்க போனா இங்க எண்டினம், இங்க வந்தா மாகாண காணி ஆணையாளரிட்ட போட்டுது எண்டினம், அங்க விசாரிச்சா வரவே இல்லையாம். கடைசியா ஒரு தங்கச்சி சொல்லித்தான் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில எழுதிக் குடுத்தன். 2016ம் ஆண்டு 12ம் இலக்கச் சட்டம். வெள்ளைத்தாள் போதும், என்ன காரணத்துக்குக் கேக்கிறீங்கள் எண்டு சொல்லத் தேவையில்லை, 14 வேலை நாளுக்குள்ள தாறதோ இல்லையோ எண்டு அவை முடிவு சொல்லோணும். "இந்த இலக்கக் கோப்பு இப்ப ஆற்ற மேசையில இருக்கு, எந்தத் திகதியில இருந்து இருக்கு" எண்டு மட்டும் கேட்டன். கடிதம் வர முதலே பைல் வந்திட்டுது! ஒரு அலுமாரிக்குப் பின்னால விழுந்து கிடந்ததாம். இன்னொரு விசயம், பிரதேச சபையில பெண் உறுப்பினர் அக்காவும் ஒருங்கிணைப்புக் குழுக் கூட்டத்தில எழும்பிக் கேட்டவா. முந்தி நாட்டில இருந்த உள்ளூராட்சி சபையளில நூறு உறுப்பினரில ரெண்டு பேர்தான் பொம்பிளையள், அவைக்கு 25 வீதம் எண்டு சட்டம் வந்து 2018 தேர்தலுக்குப் பிறகுதான் இப்பிடிக் கேக்கிறதுக்கு ஒராள் எங்களுக்கு இருக்கு. அவவையும் முதல் கூட்டங்களில கதைக்க விடேல்லையாம், அது வேற கதை.

எழுதாம விடுவமோ எண்டு யோசிச்ச விசயம் ஒண்டு. நடுவில ஒராள் போன் எடுத்து, பைலைத் தான் தள்ளிவிடுறனாம், "பின்னேரம் வீட்ட வந்து கதைக்கட்டோ" எண்டு கேட்டார். நம்பரையும் நேரத்தையும் கொப்பியில எழுதி வச்சிட்டு, அடுத்தமுறை கந்தோருக்கு சங்கத்து அக்காவையும் கூட்டிக்கொண்டு போனன். ஆளின்ர முகம் கறுத்துப் போச்சு, பிறகு போன் வரேல்லை. 2023ல வந்த ஊழல் எதிர்ப்புச் சட்டத்தில இப்பிடிப் பாலியல் ரீதியாக் கேக்கிறதும் லஞ்சம்தான். லஞ்ச ஊழல் ஆணைக்குழுவுக்கு 1954, பெண்களுக்கான உதவிக்கு 1938. தனியப் போகாதேங்கோ, அவ்வளவுதான்.

பேர்மிட் வந்தாப் பிறகும் ஒரு வேலை இருக்கு. பின்னுரித்தாளர், அதுதான் உங்களுக்குப் பிறகு காணி போய்ச்சேர வேண்டிய ஆள், அந்தப் பேரை உடன எழுதிக் குடுங்கோ. எழுதாட்டி சட்டத்தில இருக்கிற ஒழுங்குப்படிதான் காணி போகும், 2022ல திருத்தும்வரைக்கும் அதில மூத்த ஆம்பிளைப்பிள்ளைக்குத்தான் முதலிடம். நான் மகளின்ர பேரை எழுதிக் குடுத்தனான். கிளாக்கர் "மகன் இருக்கேக்க ஏன்?" எண்டார், "அவனுக்கும் தெரியும், நீங்கள் எழுதுங்கோ" எண்டன். எழுதினவர். பதிவாகினதோ எண்டு கேட்டு, முத்திரை குத்தின கொப்பி ஒண்டும் வாங்கிக்கொண்டுதான் வெளியில வந்தனான்.